கொக்குக்கால் யாருடையது?

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கொக்கிளாயில் நடைபெற்ற ஒன்றுகூடலில், இப்பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை எங்களில் மூவர் சேர்ந்து எழுதினோம். வாசிக்கும் குரல் ஒன்றுதான்; பிழை இருந்தால் மூவரையும் ஏசலாம். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'கலைஞர்களும் கூட்டுறவும்'. கூட்டுறவு என்றவுடன் எங்களில் ஒருவருக்குச் சங்கக்கடைதான் நினைவுக்கு வந்தது. கூப்பன், மா, சீனி, மண்ணெண்ணெய், நீண்ட வரிசை. அந்த வரிசையில் ஓவியருக்கும் கூத்தருக்கும் என்ன வேலை என்று நீங்களும் யோசிப்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் யோசித்தோம்.

உங்கள் மடியில் இருக்கும் சிறிய ஓலைப்பெட்டியைப் பாருங்கள். காலையில் தேநீரோடு தந்தது. பனங்குருத்தை வெட்டிக் காயவிட்டு, இரவுப் பனியில் போட்டுப் பதமாக்கி, சத்தகத்தால் வார்ந்து, பாதி ஓலையைச் சிவப்புச் சாயத்தில் அவித்து இழைத்தது. மூடியில் மூன்று விரலும் ஒரு குதியுமாக ஓடுகிற சிவப்புக் கோலம் இருக்கிறதே, அதற்குக் 'கொக்குக்கால்' என்று பெயர். இது பாட்டி வழி வந்த மாதிரி அல்ல. களப்புச் சேற்றில் கொக்கு நடந்துபோன தடத்தைப் பார்த்து, எங்களுக்குப் பல வருடம் பின்னால் நம் பள்ளியில் படித்த ஒரு தங்கை, நாலைந்து பெட்டிகளை இழைத்துப் பிரித்து, இழைத்துப் பிரித்துக் கண்டுபிடித்தது. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பின்வரிசையில் இருக்கிறார், தயவுசெய்து எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

நூற்றாண்டுக்காக 400 பெட்டி கேட்டோம். விலையை நாங்களே சொன்னோம்: ஒன்றுக்கு 450 ரூபா. அவரும் அயலிலுள்ள பெண்களும் இழைத்துத் தந்தார்கள். முதற் பெட்டியின் படம் கைபேசிகளில் நாடு நாடாகச் சுற்றியது. கடல் கடந்து வாழும் நம் அக்கா ஒருவருக்கு அந்தக் கோலம் மிகவும் பிடித்துப்போக, அதைத் துணிப்பையில் அச்சடிப்பித்து, நிதிசேகரிப்பு இராப்போசனத்தில் பை ஒன்றை 15 டொலருக்கு விற்றார். சேர்ந்த காசு சதம் குறையாமல் பள்ளிக் கூரைக்கு வந்து சேர்ந்தது. அவர் மனதில் ஒரு களங்கமும் இல்லை. எங்கள் மனதிலும் இருக்கவில்லை. அந்தப் பையின் படத்தைச் சந்தோசப்படுவார் என்று நம்பி அந்தத் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கனநேரம் பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் இருக்கு அக்கா. இதில ஒண்டு எனக்கு வாங்கலாமோ? என்ன விலை?" என்று கேட்டார்.

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. அவருடைய குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை, இருந்திருந்தால் சமாளித்திருப்போம். ஓலை அவர் காசுக்கு வாங்கியது. சத்தகம் அவருடையது. கை அவருடையது, கண்டுபிடிப்பு அவருடையது. விலை மட்டும் எங்களுடையது, சந்தை எங்களுடையது, படம் எங்களுடையது. தான் பெற்ற கோலத்தைத் திரும்பப் பார்க்க அவர் விலை கேட்க வேண்டியிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று கொக்கிளாயில் விளக்குவதற்குப் புத்தகம் தேவையில்லை. கரைவலை இழுத்த குடும்பங்கள் நாங்கள். வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையது. இழுக்கிற கை கூலியாளுடையது. பட்ட மீன் விற்றதும் செலவைக் கழித்து, மிச்சம் பங்காகப் பிரியும். விகிதம் கரைக்குக் கரை வேறு. ஆனால் எந்தக் கரையிலும் ஒரு விடயம் மாறாது: வலை யாருடையதோ அவரே பங்கைப் பிரிப்பவர். எவ்வளவு நன்றாக இழுக்கிறாய் என்பதை வைத்து உன் பங்கு கூடாது. கரைவலைப் பாடு எவர் கையில் என்பது எங்கள் கரையில் இன்றுவரை ஆறாத வழக்கு என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாமார் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் என்று சேர்ந்தது தத்துவம் படித்து அல்ல. தனியாளால் வாங்க முடியாத வலையையும் இயந்திரத்தையும் சேர்ந்து வாங்கவும், மீனைச் சேர்த்து விற்கவும், வியாபாரியிடம் விலை பேசும்போது பின்னால் நாலுபேர் நிற்கவுந்தான்.

இலங்கையில் கூட்டுறவுக்கு முதற் சட்டம் வந்தது 1911 இல். வடக்கில் அது கடனோடும் கடையோடும் நின்றுவிடவில்லை. 1936 இல் மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாகவே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். பனை தென்னைத் தொழிலாளருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. மருந்தும் கள்ளும் மீனும் இந்த வழிக்குள் வரலாமென்றால் கோலம் ஏன் வரக்கூடாது?

ஒரு தடை இருக்கிறது. அதைத் தாண்டாமல் மேலே பேசினால் ஓவியர்கள் எழுந்து போய்விடுவார்கள். மீன் எவர் பிடித்தாலும் மீன்தான். கலை அப்படி அல்ல. ஒரு கவிதையைக் குழு கூடி வாக்கெடுத்து எழுத முடியாது. அப்படி எழுதப்பட்ட சில பாடசாலைக் கீதங்களை நாம் பாடியிருக்கிறோம். அதைப்பற்றி மேலும் பேசாமல் விடுவோம். ஆகவே கலைஞர் கூட்டுறவில் முதற் கேள்வி, எதைச் சேர்த்துச் சொந்தமாக்குவது, எதைத் தனியே விடுவது என்பதுதான். இதற்கு நல்ல விடை கண்டவர்கள் இரண்டு இடத்தார். ஒன்று நமக்குப் பக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம். மற்றது உலகின் உச்சியில்.

பக்கத்தில் உள்ளது சோழமண்டலம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் என்ற ஓவியருக்கு ஒரு கவலை. ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் படித்து வெளியேறுகிறார்கள். ஓவியம் விற்றுச் சீவிக்க வழியில்லை. விளம்பரக் கொம்பனியிலோ நெசவு வடிவமைப்பிலோ வேலைக்குப் போய், சில வருடத்தில் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து கைப்பணிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பற்றிக் துணி செய்தார்கள், உலோகம், மரம், தோல் என்று கைக்கு வந்ததைச் செய்து விற்றார்கள். அந்தக் காசில் 1966 இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் ஏறத்தாழப் பத்து ஏக்கர் மணற்காணி வாங்கினார்கள். முப்பது பேர் அளவில் குடியேறிய அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. வேலைக்கூடம் பொது, கண்காட்சி மண்டபம் பொது. வீடு அவரவருடையது. ஓவியம் முழுக்க முழுக்க அவரவருடையது. இதில் எங்களுக்குப் பிடித்தது பெரிய மனிதர் எவரும் காணியைத் தானமாகத் தரவில்லை என்பது. பற்றிக் விற்ற காசு அது. பகலில் துணிக்கு மெழுகு பூசியவர்கள், விற்பனையாகுமா என்ற பயம் இல்லாமல் மற்ற நேரத்தில் தங்கள் ஓவியத்தை வரைந்தார்கள். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

அந்த வெறும் மணல் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் காணி. விலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். காணியைச் சேர்ந்து வாங்குகிற எந்தக் கலைஞர் கூட்டமும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கும்: ஓவியரின் பிள்ளை ஓவியராக இல்லாவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு? இதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். உறவு இனிமையாக இருக்கும்போது எழுதுவது இலேசு.

மற்ற இடத்துக்குப் போவோம். ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு இது பக்கத்து வீடு என்று சொல்லலாம், விமானத்தில் பல மணிநேரம் வடக்கே பறக்க வேண்டும் என்றாலும். பவின் தீவின் தென்மேற்கு மூலையில் கிங்ஙைற் என்று ஓர் ஊர். அண்மைக்காலம் வரை கேப் டோர்செற் என்ற பெயரில் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். மரம் கிடையாது. கடல் பெரும்பாலான மாதங்கள் உறைந்திருக்கும். அங்குள்ள இனுவிற் மக்கள் வேட்டையாலும் மீனாலும் சீவித்தவர்கள். நரித்தோல் விலை விழுந்து, வேட்டை வாழ்க்கை குலைந்து, முகாம்களில் இருந்தவர்கள் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த காலம் அது. இடம்பெயர்ந்து வந்து கூடிய ஊர் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜேம்ஸ் ஹூஸ்ரன் என்ற கனேடிய ஓவியர் அங்கு போய், அச்சோவியம் செய்யும் முறையை அறிமுகம் செய்தார். அதற்காகவே யப்பானுக்குப் போய்ப் படித்தும் வந்தார். 1959 இல் ஊரவர்கள் மேற்குப் பவின் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். ஹூஸ்ரன் சில வருடத்தில் போய்விட்டார்; சங்கம் இருக்கிறது. அறுபது வருடம் கடந்து நடக்கிற கலைஞர் சங்கம் உலகில் வேறு எத்தனை இருக்கும்?

அவர்கள் வேலை செய்யும் விதம் இது. ஒரு பெண் வீட்டில் இருந்து, பிள்ளை ஒருபுறம் அடுப்பு ஒருபுறமாக, பென்சிலால் ஒரு படம் வரைகிறார். அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோகிறார். சங்கம் அன்றே காசு கொடுத்து வாங்குகிறது. அது பிறகு அச்சாகுமா, விற்குமா என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கியதில் சிலவற்றை எடுத்து, கல்லில் செதுக்கும் கலைஞர் செதுக்க, மை பூசி, வழக்கமாக ஐம்பது பிரதி மட்டும் எடுப்பார்கள். வரைந்தவருக்கு ஒரு குறி, அச்சிட்டவருக்கு ஒரு குறி, சங்கத்துக்குச் சிவப்புப் பனிவீட்டு முத்திரை. மூன்றும் ஒரே கடதாசியில் இருக்கும். எங்கள் கொக்குக்கால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நம் சங்கத்தின் பெயரும் நூற்றாண்டு ஆண்டும் மட்டும் ஒட்டியிருக்கிறோம்.

அந்த ஊரில் பிற்சியோலாக் அஷூனா என்று ஒரு தாய் இருந்தார். கணவர் இறந்தபின் பிள்ளைகளோடு வறுமைப்பட்டு, தையலால் சீவித்தவர். படம் வரைந்தால் காசு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடுவயதுக்கு மேல் முதன்முதலாகப் பென்சிலைப் பிடித்தார். 1983 இல் அவர் இறக்கும்போது ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வரைபுகள் இருந்தன. பிள்ளைகளும் கலைஞரானார்கள். பேத்தி அனி பூற்றூகுக் பறவையும் கரடியும் வரையவில்லை. தொலைக்காட்சி பார்த்தபடி இருக்கும் குடும்பத்தை வரைந்தார், கடையில் சாமான் வாங்குவதை வரைந்தார், பெண்ணை அடிக்கும் ஆணை வரைந்தார். பறவை கேட்டு வரும் சந்தைக்கு இது சரக்கு அல்ல. சங்கம் அதையும் வாங்கியது. 2006 இல் கனடாவின் சோபி கலை விருது அவருக்குக் கிடைத்தது. கலைஞர்களே உரிமையாளராக இருப்பதன் பெறுமதி எங்களுக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. தனி வியாபாரி ஒருவர் "ஆந்தை இருந்தால் கொண்டு வா" என்றுதானே சொல்லியிருப்பார்.

ஆந்தை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கெனோஜுவாக் அஷெவாக் 1960 இல் வரைந்த மாய ஆந்தை உலகப் புகழ் பெற்றது. 1970 இல் கனடா அதைத் தபால் முத்திரையில் போட்டது. நூறு டொலருக்கும் குறைவாக விற்ற அந்த அச்சோவியத்தின் ஒரு பிரதி 2018 இல் ரொறன்ரோ ஏலத்தில் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் போனது. வரைந்தவர் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மறுவிற்பனையில் கலைஞருக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்ற விதி அப்போது கனடாச் சட்டத்தில் இல்லை. கூட்டுறவு இருந்தும் பிடிக்க முடியாமல் போகும் காசு இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, இது நம் எல்லோருக்கும் கொஞ்சம் குத்தும். 1961 இல் இருந்து 1989 வரை, எந்த அச்சோவியம் வெளிவரலாம், எது தரமில்லை என்று தீர்மானித்தது கிங்ஙைற் அல்ல. தெற்கு நகரங்களில் இருந்த நிபுணர் சபை ஒன்று. படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள், கலை தெரிந்தவர்கள். ஊரவர்களின் சங்கம் ஊரவர்களுடையதாக இருந்தும், தரத்தின் சாவி வேறு ஊரில் இருந்தது. வெளிநாட்டில் இருந்து எங்களுக்கு உதவ நினைக்கும் அக்காமாரே, அந்தச் சபையில் உட்காரும் ஆசை நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. எங்களுக்கும் இருந்தது. "சிவப்பு வேண்டாம், மெல்லிய நிறம் போடுங்கோ, இங்க சனத்துக்குப் பிடிக்காது" என்று நாங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்.

எழுத்துக்கும் இந்த வழி உண்டு என்பதை ஒரு வரியில் சொல்கிறோம். 1945 இல் கேரளத்துக் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபா முதலோடு கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள், எம். பி. பால் தலைவராகவும் காரூர் நீலகண்டபிள்ளை செயலாளராகவும் இருந்தார்கள். மலையாளத்தில் எழுதிச் சீவிக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். 1984 மார்கழியில் இந்த ஊரை விட்டுப் போனோம். திரும்பிவரக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. போகும்போது எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் ஒரு கூத்துக் கொப்பி இருந்தது. யாருடைய கொப்பி என்று கேட்டால் 'ஊர்க் கொப்பி' என்பார்கள். கூத்துப் பழகும் காலத்தில் விளக்குக்கு எண்ணெய் ஒரு வீடு, உடுப்புக்குக் காசு ஒரு வீடு, அண்ணாவியாருக்குச் சாப்பாடு ஒரு வீடு. எல்லாம் பொது. ஊர் எழும்பிய நாளில் எல்லோரும் பிள்ளையையும் அரிசியையும் தூக்கினார்கள். கொப்பியை மற்றவர் எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வற்றாப்பளை, முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து இன்றும் ஆடப்படும்போது எங்கள் வயது ஆட்களுக்குக் கண் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பொது என்று சொல்லிப் பொறுப்பை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குக் கேள்விப்பட்டுத் தெரியவேண்டியதில்லை.

திரும்பி வந்தபின் உதவி வந்தது. நன்றி மறக்கவில்லை. தையல் இயந்திரம் வந்தது, பயிற்சி வந்தது, நாடா வெட்டித் திறந்த கட்டடமும் ஒன்று கண்டோம். இப்போது அந்தக் கட்டடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டு கருத்து உண்டு. கொடுத்தவர் போய்விட்டார், எடுத்தவர் இது தன்னுடையது என்று ஒருநாளும் உணரவில்லை.

ஆகவே துணிப்பைக் கதைக்குப் பிறகு நாங்கள் இழைக்கும் பெண்களோடு கதைக்கத் தொடங்கினோம். இருபதுக்கு மேற்பட்டவர்கள். மூன்று கூட்டம் நடந்தது, மூன்றிலும் சண்டை. அதை மறைக்காமல் சொல்கிறோம். முதற் சண்டை வேகத்தைப் பற்றியது. ஒருவர் நாளுக்கு நாலு பெட்டி இழைப்பார், மற்றவருக்குக் கண் மங்கல், ஒன்றுதான். பங்கு சமமா? இல்லை என்று முடிந்தது. பெட்டிக்குத்தான் காசு, ஆண்டு முடிவில் மிஞ்சும் இலாபமும் அவரவர் கொடுத்த பெட்டிக் கணக்குப்படி பிரியும், வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. கண் மங்கலான அம்மா அதற்கு முதல் ஆளாகக் கை உயர்த்தினார். தரம் பார்ப்பது மாதத்துக்கு இருவர், முறைவைத்து மாறும். ஒருவரே பார்த்தால் பகை வரும் என்று அவர்களே சொன்னார்கள்.

இரண்டாவது சண்டை கொக்கைப் பற்றியது. "பிள்ளை, கொக்கு எல்லாருக்கும் பொது. அதின்ர காலுக்கு என்ன காசு?" என்று மூத்த அம்மா ஒருவர் கேட்டார். கொக்கு பொதுதான். ஆனால் அந்தக் கோலம் இருக்கவில்லையே, ஒருவர் கண்டுபிடிக்கும்வரை? நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் புதிதாகப் படைத்ததற்குப் பதிவு இல்லாமலே அவருக்கு உரிமை உண்டு. சங்கம் ஒன்றின் அங்கத்தவர் எல்லோரும் பாவிக்கும் கூட்டுக் குறியையும் அதே சட்டத்தின் கீழ்ப் பதியலாம். இதைச் சொன்னபோது, சட்டத்தை விட அவர்களை நம்பவைத்தது வேறொன்று. பன்பாயில் மயில் போட்டுப் பழகிய ஒருவர் கொப்பியை விரித்து, "அப்ப என்ர மயிலையும் எழுதுங்கோ" என்றார். அன்று பதினொரு கோலம் எழுதினோம். எது பழையது, எல்லோருக்கும் பொது. எது யார் புதிதாகச் செய்தது என்று இரண்டு பக்கமாக. பொதுப் பக்கம் நீளமாக இருந்ததில் எல்லோருக்கும் ஒரு பெருமை.

இப்போது உள்ள இணக்கம்: ஒருவருடைய கோலத்தை இன்னொரு அங்கத்தவர் இழைத்தால் பெட்டிக்கு ஐந்து ரூபா படைத்தவருக்கு. வெளியார் அச்சிட்டால் வரும் காசில் பாதி அவருக்கு, பாதி சங்கத்துக்கு. எத்தனை வருடத்துக்கு என்பதில் இன்னும் இணக்கம் இல்லை. பத்து என்கிறார்கள் சிலர், சாகும்வரை என்கிறார்கள் சிலர். அந்தத் தங்கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓலையைப் பருவத்தில் மொத்தமாக வாங்குவது, சாயம் அவிக்கப் பெரிய கிடாரம் ஒன்று, காயவைக்கக் கொட்டில் ஒன்று, கணக்குக் கொப்பி, சங்கக் குறி. சேர்ந்து சொந்தமாக்க நினைப்பது இவ்வளவுதான். சத்தகமும் கோலமும் நேரமும் அவரவருடையது. இழைக்கவே விருப்பமில்லாத நாளில் இழைக்காமல் இருக்கும் சுதந்திரமும் அவரவருடையது; வேலைத்தலம் ஒன்று வைத்துச் சம்பளம் தரலாம் என்று ஒருவர் முன்வந்தபோது அவர்கள் மறுத்ததற்கு அதுவே காரணம்.

நம் பழைய மாணவிகள் சங்கத்திடம் கேட்பது இதைத்தான். நன்கொடை வேண்டாம். கடன் தாருங்கள், வட்டியில்லாமல் என்றால் நன்று, ஆனால் திருப்பி வாங்குங்கள். திருப்பிக் கட்டிய கடன் கொடுக்கும் நிமிர்வைக் கட்டடம் கொடுக்காது. அங்கத்துவம் இழைப்பவருக்கு மட்டும். நீங்கள் எவ்வளவு காசு போட்டாலும் உங்களுக்கு வாக்கு இல்லை. எங்களுக்கும் இல்லை, எங்களில் ஒருவருக்கும் ஓலை வாரத் தெரியாது. கணக்கு எழுதப் பழக்கித் தாருங்கள், ஆண்டுதோறும் கணக்காய்வு நடக்கிறதா என்று நச்சரியுங்கள். நல்ல சங்கங்கள் பல விழுந்தது களவால் என்பதைவிடக் கொப்பி எழுதாததால்தான். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அக்காமார் இந்தக் கூட்டத்தில் குறைந்தது ஆறுபேர் இருக்கிறீர்கள், எண்ணிவிட்டோம். விலை அவர்கள் சொல்லட்டும். கூட என்று தோன்றினால் வாங்காமல் விடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

450 ரூபா என்ற எங்கள் விலையை அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஓலை, சாயம், விறகு கழித்து, நாள் கூலியாகப் பார்த்தால் வெங்காயம் பிடுங்கப் போவதைவிடக் குறைவு. புதிய விலை 700. மிச்சத்தை இந்த மாதத்துக்குள் நாங்களே 400 பெட்டிக்கும் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். தேநீர் மேசையில் ஒரு பட்டியல் இருக்கிறது, பெயர் எழுத விரும்புபவர்கள் எழுதலாம்.

துணிப்பை விற்ற அக்காவிடமும் கதைத்தோம். கதையைக் கேட்டு அழுதுவிட்டார். பிறகு தன் காசில் பாதிப் பங்கை அனுப்பிவைத்தார், கூடவே ஒரு பையும். அது போன கிழமை வந்து சேர்ந்தது. அந்தத் தங்கை இப்போது அதற்குள்தான் சத்தகத்தையும் வார்ந்த ஓலையையும் போட்டுவைத்திருக்கிறார். கொக்கின் ஒரு கால் மட்டும் தலைகீழாக அச்சாகியிருக்கிறதாம். அடுத்தமுறை அச்சடிக்கும்போது தன்னிடம் காட்டிவிட்டு அடிக்கட்டாம்.